எரிக் கிளாப்டன்

எரிக் பாட்ரிக் கிளாப்டன் (பிறப்பு: மார்ச் 30, 1945) இங்கிலாந்தைச் சேர்ந்த ராக் மற்றும் புளூஸ் இசைக்கலைஞர் ஆவார். கித்தார் கலைஞர், பாடகர், பாடலாசிரியர் என மூன்று நிலைகளிலும் அறியப்பட்டவர். யார்ட்பேர்ட்ஸ், கிரீம், டெரெக் அண்ட் தி டொமினோஸ் ஆகிய இசைக்குழுக்களில் பங்கேற்றுப் பின்னர் தனிக்கலைஞராகப் புகழ்பெற்றார். ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் மூன்று முறை சேர்க்கப்பட்ட ஒரே கலைஞர் இவரே.

இருபது வயதிலேயே பெரும்புகழை அடைந்த கிளாப்டன், அதன் பின்னர் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் ஹெரோயினுக்கும் மதுவுக்கும் அடிமையாக இருந்தார். இரண்டாவது முறை மேற்கொண்ட மறுவாழ்வுச் சிகிச்சைக்குப் பின் 1987 முதல் மதுவைக் கைவிட்டார். 1991இல் நான்கு வயது மகனை விபத்தில் இழந்தபோதும் அந்த உறுதியிலிருந்து அவர் வழுவவில்லை. 1998இல் கரிபியன் தீவான அன்டிகுவாவில் போதை அடிமைகளுக்கான மறுவாழ்வு மையம் ஒன்றை நிறுவினார்.

பிறப்பும் இளமைக்காலமும்

கிளாப்டன் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்திலுள்ள ரிப்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். தாயார் பாட்ரீசியா மோலி கிளாப்டன் அப்போது 16 வயதுப் பெண். தந்தை எட்வர்ட் ஃபிரையர், இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் தங்கியிருந்த கனடிய நாட்டுப் படைவீரர். குழந்தை பிறப்பதற்கு முன்னரே அவர் கனடா திரும்பிவிட்டார். இருவருக்கும் திருமணம் நடைபெறவில்லை.

குழந்தையைத் தாய்வழிப் பாட்டியான ரோசும் அவருடைய இரண்டாவது கணவர் ஜாக் கிளாப்பும் வளர்த்தனர். அவர்களையே தன் பெற்றோர் எனவும், பாட்ரீசியாவைத் தன் அக்காள் எனவும் சிறுவன் எரிக் நம்பி வளர்ந்தான். பாட்ரீசியா பின்னர் வேறொரு கனடியப் படைவீரரை மணந்து வெளிநாடு சென்றார். ஏறத்தாழ ஒன்பது வயதில் உண்மை தெரியவந்தது. ஊருக்கு வந்திருந்த தாயிடம், இனி அவரை அம்மா என்று அழைக்கலாமா என எரிக் கேட்டபோது, பாட்டியையும் தாத்தாவையுமே தொடர்ந்து அம்மா, அப்பா என்று அழைப்பதே நல்லது என்ற விடையே கிடைத்தது. இந்நிகழ்ச்சிக்குப் பின் தான் எவரையும் நம்பாதவனாகவும் தனித்திருப்பவனாகவும் மாறியதாகக் கிளாப்டன் 2007இல் வெளியான தன்வரலாற்றில் எழுதியுள்ளார்.

பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு ஹோயர் என்னும் செருமானிய நிறுவனத்தின் கித்தார் ஒன்று பரிசாகக் கிடைத்தது. அதன் எஃகு நரம்புகளை அழுத்துவது கடினமாக இருந்ததால் சிலகாலம் அதைக் கைவிட்டார். பின்னர் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் புளூஸ் இசைத்தட்டுகளைக் கேட்டு, அவற்றிலுள்ளவற்றைத் தாமே வாசித்துப் பழகினார். குறிப்பாக மிசிசிப்பியைச் சேர்ந்த ராபர்ட் ஜான்சனின் (1911-1938) பாடல்கள் அவரைப் பெரிதும் ஆட்கொண்டன. கிங்ஸ்டன் கலைக் கல்லூரியில் சேர்ந்தாலும், ஓவியத்தைவிட இசையிலேயே நாட்டம் கொண்டிருந்ததால் அங்கிருந்து நீக்கப்பட்டார். கொத்தனார் வேலையிலும் பூச்சு வேலையிலும் தேர்ந்தவரான தாத்தாவுடன் சிலகாலம் கட்டடத் தொழிலாளியாகவும் பணிபுரிந்தார்.

புகழும் அதன் சுமையும்

1963 அக்டோபரில் கிளாப்டன் யார்ட்பேர்ட்ஸ் குழுவில் இணைந்தார். குழுவின் மேலாளர் ஜார்ஜோ கோமெல்ஸ்கி அவருக்கு "சுலோஹேண்ட்" (மெதுவான கை) என்ற பட்டப்பெயரைச் சூட்டினார். 1965இல் "ஃபார் யுவர் லவ்" என்ற பாடல் அக்குழுவுக்கு வணிக வெற்றியைத் தேடித் தந்தது. ஆனால் புளூஸ் இசையை விட்டுக் குழு விலகிச் செல்கிறது எனக் கருதிய கிளாப்டன், அப்பாடல் வெளிவந்த வேளையிலேயே குழுவிலிருந்து விலகினார்.

அதே ஆண்டில் ஜான் மாயலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவில் சேர்ந்தார். கிப்சன் லெஸ் பால் வகைக் கித்தாரை மார்ஷல் ஒலிபெருக்கியுடன் இணைத்து, ஒலியளவை மிகவும் உயர்த்தி வாசித்ததன் மூலம் அவர் உருவாக்கிய கனத்த ஒலி, பின்வந்த ராக் கித்தார் கலைஞர்கள் பலருக்கு முன்மாதிரியாக அமைந்தது. இக்குழுவுடன் அவர் வாசித்த இசைத்தொகுப்பு 1966 சூலையில் வெளியானது. இக்காலத்தில் லண்டனின் இஸ்லிங்டன் பகுதிச் சுவர் ஒன்றில் "கிளாப்டனே கடவுள்" எனும் பொருள்பட யாரோ எழுதிவைத்தனர். அந்த வாசகம் நகரின் வேறு இடங்களிலும் பரவியது. அப்போது அவருக்கு ஏறத்தாழ இருபது வயது.

1966இல் ஜாக் புரூஸ் (பேஸ் கித்தார், குரல்), ஜிஞ்சர் பேக்கர் (டிரம்ஸ்) ஆகியோருடன் இணைந்து கிரீம் என்ற மூவர் குழுவை அமைத்தார். மேடையில் பாடல்களை நீண்ட கற்பனை வாசிப்புகளாக விரித்துச் செல்வது இக்குழுவின் சிறப்பாகும். "டிஸ்ரேலி கியர்ஸ்" (1967), "வீல்ஸ் ஆஃப் ஃபயர்" (1968) ஆகிய இசைத்தொகுப்புகள் பெரும் வெற்றி பெற்றன. ஆயினும் புரூசுக்கும் பேக்கருக்கும் இடையிலான ஓயாத பூசல், தொடர்ச்சியான அமெரிக்கப் பயணங்கள் ஆகியன குழுவைச் சோர்வடையச் செய்தன. 1968இல் ரோலிங் ஸ்டோன் இதழில் வெளிவந்த கடுமையான விமர்சனம் ஒன்று கிளாப்டனைப் பெரிதும் பாதித்தது. 1968 நவம்பர் 26 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் விடைபெறும் நிகழ்ச்சியுடன் கிரீம் கலைந்தது.

அடுத்து ஸ்டீவ் வின்வுட், பேக்கர், ரிக் கிரெச் ஆகியோருடன் அமைத்த பிளைண்ட் ஃபெயித் குழுவின் முதல் நிகழ்ச்சியைக் காண 1969 சூன் 7 அன்று லண்டன் ஹைட் பூங்காவில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் திரண்டனர். அக்குழுவும் அதே ஆண்டில் கலைந்தது. இப்பயணத்தின்போது கிளாப்டன், தம் குழுவுக்கு முன்னதாக மேடையேறிய டெலானி அண்ட் போனி என்ற குழுவினருடனேயே மிகுதியாகப் பொழுதைக் கழித்தார். தலைமைக் கலைஞராக இல்லாமல் பலருள் ஒருவராக வாசிப்பதை அவர் விரும்பினார்.

1970இல் அமைத்த புதிய குழுவுக்குத் தம் பெயரை மறைத்து டெரெக் அண்ட் தி டொமினோஸ் எனப் பெயரிட்டு, சிறிய அரங்குகளில் வாசித்தார். பதிவு நிறுவனமோ, டெரெக் என்பவர் எரிக்தான் என அறிவிக்கும் பொத்தான் சின்னங்களை வழங்கி இசைத்தொகுப்பை விளம்பரப்படுத்த நேர்ந்தது.

லேலா

கிளாப்டனுக்கும் பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாரிசனுக்கும் நெருங்கிய நட்பு இருந்தது. 1968இல் வெளியான ஹாரிசனின் "வைல் மை கித்தார் ஜென்ட்லி வீப்ஸ்" பாடலில் முதன்மைக் கித்தாரை வாசித்தவர் கிளாப்டனே. இக்காலத்தில் ஹாரிசனின் மனைவியும் விளம்பர அழகியுமான பாட்டி பாய்ட் மீது கிளாப்டன் காதல் கொண்டார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாரசீகக் கவிஞர் நிசாமி கஞ்சாவியின் லைலா மஜ்னூன் காதல் காவியத்தைப் படித்த கிளாப்டன், அடையமுடியாத பெண்ணின் மீது கொண்ட காதலால் பித்தனாகும் மஜ்னூனின் நிலையில் தம்மையே கண்டார். "லேலா" என்ற பாடல் இவ்வாறு பிறந்தது. அமெரிக்கக் கித்தார் கலைஞர் டுவேன் ஆல்மன் பங்கேற்ற "லேலா அண்ட் அதர் அசார்ட்டட் லவ் சாங்ஸ்" என்ற இரட்டை இசைத்தட்டு 1970 நவம்பரில் வெளியானது. பின்னாளில் ராக் இசையின் தலைசிறந்த ஆக்கங்களுள் ஒன்றாக மதிக்கப்பட்ட இத்தொகுப்பு, வெளியானபோது பிரித்தானியாவில் போதிய வரவேற்பைப் பெறவில்லை. பாய்டும் அப்போது தம் கணவரை விட்டு விலகவில்லை. தன்னுடன் வராவிட்டால் ஹெரோயினுக்கு அடிமையாகிவிடுவதாகக் கூறிக் கிளாப்டன் அவரிடம் ஒரு பொட்டலத்தைக் காட்டியதைப் பாய்ட் தம் நூலில் குறிப்பிட்டுள்ளார்.

அதே காலத்தில் அடுத்தடுத்து இழப்புகளும் நேர்ந்தன. நண்பர் ஜிமி ஹென்றிக்ஸ் 1970 செப்டம்பர் 18 அன்று இறந்தார். டுவேன் ஆல்மன் 1971 அக்டோபர் 29 அன்று மோட்டார் சைக்கிள் விபத்தில் உயிரிழந்தார். டொமினோஸ் குழு 1971இல் கலைந்தது.

போதைப் பழக்கம்

ஹெரோயின் (1970-1974)

1971 முதல் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கிளாப்டன் சர்ரேயிலுள்ள ஹர்ட்வுட் எட்ஜ் என்ற தமது வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார். அவருடன் வாழ்ந்த அலிஸ் ஆர்ம்ஸ்பி-கோரும் இப்பழக்கத்துக்கு ஆளானார். கிடைத்த ஹெரோயினில் பெரும்பகுதியை அலிஸ் தமக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தம் தேவையை மதுவால் ஈடுசெய்தார் எனக் கிளாப்டன் பின்னர் எழுதினார். அலிஸ் 1995இல் ஹெரோயினாலேயே உயிரிழந்தார்.

இக்காலத்தில் கிளாப்டன் மேடையேறிய நிகழ்ச்சிகள் மிகச் சிலவே. ரவி சங்கரின் வேண்டுகோளை ஏற்று ஜார்ஜ் ஹாரிசன், வங்காளதேச ஏதிலிகளுக்காக 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் மாடிசன் ஸ்குயர் கார்டனில் நடத்திய நிகழ்ச்சி அவற்றுள் ஒன்று. ஹெரோயின் கிடைக்காமையால் ஏற்பட்ட உடல்நலக் குறைவுடனேயே அவர் அதில் வாசித்தார். தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட், கிளாப்டனை மீண்டும் இசைக்குக் கொண்டுவரும் நோக்கில் 1973 சனவரி 13 அன்று லண்டன் ரெயின்போ அரங்கில் இரு நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்தார். ஆயினும் நிகழ்ச்சி முடிந்ததும் கிளாப்டன் பழைய நிலைக்கே திரும்பினார்.

1974இல் மருத்துவர் மெக் பாட்டர்சன் என்பவரிடம் மின் அக்குபங்சர் சிகிச்சை பெற்று ஹெரோயினைக் கைவிட்டார். பின்னர் அலிசின் சகோதரருடைய பண்ணையில் சிலகாலம் உடலுழைப்பில் ஈடுபட்டு உடல்நலம் தேறினார். அதே ஆண்டு வெளியான "461 ஓஷன் புலவார்ட்" இசைத்தொகுப்பும், அதில் இடம்பெற்ற பாப் மார்லியின் "ஐ ஷாட் தி ஷெரிஃப்" பாடலும் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றன.

மது (1974-1987)

ஹெரோயின் நின்றதே தவிர அடிமைத்தனம் நிற்கவில்லை. பண்ணையில் தங்கியிருந்த காலத்திலேயே ஹெரோயினின் இடத்தை மது பிடித்துக்கொண்டது. ஒரு போதைப்பொருளை விட்டவர் மற்றொன்றைப் பற்றிக்கொள்வது அடிமை நோயில் அடிக்கடி காணப்படுவதாகும். ஹெரோயினைவிட மதுவை விடுவதே தமக்குக் கடினமாக இருந்தது என்பது கிளாப்டனின் கூற்றிலிருந்து தெரிகிறது. மது எங்கும் கிடைத்தது. சட்டமும் அதைத் தடுக்கவில்லை. அவருடைய சுற்றத்தாரும் குடிப்பவர்களாகவே இருந்தனர். தம் வாழ்வின் மிகத் தாழ்ந்த நிலையில், இறந்துவிட்டால் குடிக்க முடியாது என்ற ஒரே எண்ணமே தம்மைத் தற்கொலையிலிருந்து தடுத்தது என அவர் எழுதியுள்ளார்.

1976 ஆகஸ்ட் 5 அன்று பர்மிங்காம் நகர மேடையில் குடிபோதையில் இருந்த கிளாப்டன், குடியேறிகளை வெளியேற்றவேண்டும் என்றும் குடியேற்ற எதிர்ப்பு அரசியல்வாதி ஈனோக் பவலை ஆதரிக்கவேண்டும் என்றும் இனவெறிச் சொற்களுடன் பேசினார். தெற்காசியாவிலிருந்தும் கரிபியன் தீவுகளிலிருந்தும் வந்து குடியேறிய மக்கள் பலர் வாழும் நகரம் பர்மிங்காம் ஆகும். கறுப்பின மக்களின் இசையால் வாழ்வும் புகழும் பெற்ற ஒருவரே இவ்வாறு பேசியது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. இதற்கு எதிர்வினையாகவே அதே ஆண்டில் "ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்" (இனவெறிக்கு எதிரான ராக் இசை) என்ற இயக்கம் தோன்றியது. குடிபோதை இப்பேச்சுக்கு விளக்கமாகுமே அன்றி நியாயமாகாது என்பது விமர்சகர்களின் கருத்து. அதன்பின் பல ஆண்டுகள் கிளாப்டன் பவலை முழுமையாக மறுத்துப் பேசாததும் குறைகூறப்பட்டது. 2017இல் வெளியான "லைஃப் இன் 12 பார்ஸ்" ஆவணப்படத்தில் தம் பேச்சுக்காக வெட்கப்படுவதாக அவர் கூறினார்.

பாட்டி பாய்டுடனான மணவாழ்க்கை

1974இல் ஹாரிசனைப் பிரிந்த பாட்டி பாய்ட் கிளாப்டனுடன் வாழத் தொடங்கினார். 1979 மார்ச் 27 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள டூசான் நகரில் இருவரும் மணம் புரிந்தனர். பின்னர் இங்கிலாந்தில் நடந்த விருந்தில் ஹாரிசனும் கலந்துகொண்டார். ஹாரிசன் - கிளாப்டன் நட்பு ஹாரிசன் 2001இல் இறக்கும்வரை நீடித்தது.

1977இல் வெளியான "சுலோஹேண்ட்" தொகுப்பிலுள்ள "வொண்டர்ஃபுல் டுநைட்" என்ற பாடல், விருந்துக்குப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்த பாய்டுக்காகக் காத்திருந்தபோது எழுதப்பட்டது. திருமண விழாக்களில் பெரிதும் இசைக்கப்படும் காதல் பாடலாக இது விளங்குகிறது. ஆயினும் பாடலின் இறுதியில் விருந்தில் களைத்துத் தலைவலியுடன் இருக்கும் கணவனை மனைவியே வீட்டுக்கு அழைத்து வந்து படுக்கவைப்பதும் சொல்லப்படுகிறது. அவர்களுடைய மணவாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இப்பகுதி வேறு பொருள் தருவதாகும்.

காதலிக்கும்போது அடையமுடியாதவராக இருந்த பாய்ட், மனைவியானபின் கிளாப்டனின் குடிப்பழக்கத்தையும் பிற பெண்களுடனான தொடர்புகளையும் தாங்கிக்கொள்ள வேண்டியவரானார். இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. பிற உறவுகளில் கிளாப்டனுக்கு 1985இல் ஒரு மகளும், 1986 ஆகஸ்ட் 21 அன்று இத்தாலிய நடிகை லோரி டெல் சான்டோ மூலம் கானர் என்ற மகனும் பிறந்தனர். கிளாப்டன் - பாய்ட் மணவாழ்வு 1980களின் இறுதியில் மணமுறிவில் முடிந்தது. 2007இல் இருவரும் தனித்தனியே தன்வரலாறுகளை வெளியிட்டனர். ஒரே வாழ்க்கையை இருவர் கண்ணோட்டத்திலும் காண அவை உதவுகின்றன.

மறுவாழ்வு

1981இல் அமெரிக்கப் பயணத்தின் நடுவே வயிற்றுப் புண்களில் இரத்தக்கசிவு ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பயணத்தின் எஞ்சிய நிகழ்ச்சிகள் கைவிடப்பட்டன. 1982 சனவரியில், மேலாளர் ரோஜர் ஃபாரஸ்டரின் வற்புறுத்தலால் மினசோட்டா மாநிலத்திலுள்ள ஹேசல்டன் மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் பன்னிரண்டு படிகளை அடிப்படையாகக் கொண்டது அங்கு அளிக்கப்படும் சிகிச்சை. குடிநோயாளிகள் தம் பெயரையோ பெருமையையோ முன்னிறுத்தாமல் ஒருவருக்கொருவர் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்வதே இம்முறையின் அடிப்படை. உலகப் புகழ்பெற்றவர் என்ற தகுதிக்கு அங்கு இடமில்லை. பிற நோயாளிகளைப் போலவே சிறு வேலைகளையும் அவர் செய்யவேண்டியிருந்தது.

சில ஆண்டுகளில் அவர் மீண்டும் குடிக்கத் தொடங்கினார். 1987 நவம்பரில் இரண்டாவது முறையாக ஹேசல்டனில் சேர்ந்தார். சிகிச்சைக் காலம் முடியும் தறுவாயில், வெளியே சென்றால் மீண்டும் குடித்துவிடுவோம் என்ற அச்சத்தில் அறையில் மண்டியிட்டு வேண்டியதையும், அதுமுதல் நாள்தோறும் காலையும் இரவும் அவ்வாறு வேண்டி வருவதையும் தன்வரலாற்றில் விவரித்துள்ளார். மழலைப் பருவத்திலிருந்த மகன் கானரே இம்முயற்சிக்குக் காரணம் என்றும் குறிப்பிடுகிறார். தான் தந்தையின்றி வளர்ந்ததுபோல மகனும் வளரக்கூடாது என அவர் விரும்பினார். அதன்பின் அவர் குடிக்கவில்லை.

கானரின் மறைவு

விஸ்கான்சின் மாநிலத்தில் கிளாப்டனுடன் ஒரே மேடையில் வாசித்த கித்தார் கலைஞர் ஸ்டீவி ரே வான், நிகழ்ச்சி முடிந்து திரும்பும்போது 1990 ஆகஸ்ட் 27 அன்று ஹெலிகாப்டர் விபத்தில் உயிரிழந்தார். கிளாப்டனின் முகவரும் உடன் பணியாற்றியோர் இருவரும் அவ்விபத்தில் மாண்டனர்.

ஏழு மாதங்களுக்குள் இதனினும் பெரிய துயரம் நேர்ந்தது. 1991 மார்ச் 19 அன்று கிளாப்டன் மகனை நியூயார்க்கில் சர்க்கஸ் காட்சிக்கு அழைத்துச் சென்றிருந்தார். மறுநாள் காலை மகனை விலங்குக்காட்சி சாலைக்கு அழைத்துச் செல்வதாகத் திட்டம். மார்ச் 20 அன்று, மான்ஹாட்டனில் தாயார் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் 53ஆம் தளத்தில், தூய்மைப் பணிக்காகத் திறந்து வைக்கப்பட்டிருந்த சாளரத்தின் வழியே கானர் கீழே விழுந்து இறந்தான். அவனுக்கு வயது நான்கு. கிளாப்டன் பிறந்த ரிப்ளி ஊர்த் தேவாலயத்திலேயே அவனுடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது.

மதுவை விட்டு அப்போது மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேலாகியிருந்தது. கிளாப்டன் மீண்டும் குடிக்கத் தொடங்குவார் எனப் பலர் அஞ்சினர். அவரோ ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குத் தொடர்ந்து சென்றார். கூட்டம் ஒன்றில் மகனின் மறைவையும், அதற்குப் பின்னும் குடிக்காமல் இருப்பதையும் பற்றிப் பேசினார். இனித் தான் குடிப்பதற்கு எந்தச் சாக்கும் இல்லாமல் செய்துவிட்டீர்கள் எனப் பெண் ஒருவர் அவரிடம் கூறினார். தம் பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்தால் மட்டும் குடிக்கலாம் என்ற ஓர் எண்ணத்தை அப்பெண் மனத்தில் ஒதுக்கி வைத்திருந்தார். மகனின் நினைவைப் போற்றுவதற்குத் தாம் குடிக்காமல் இருப்பதே சிறந்த வழி எனத் தமக்கு உறுதிப்பட்டது அப்போதுதான் என்கிறார் கிளாப்டன். உயர்ந்த கட்டடங்களில் சாளரங்களுக்குப் பாதுகாப்புத் தடுப்பு அமைக்குமாறு பெற்றோரை வலியுறுத்தும் பொதுநல விளம்பரங்களிலும் அவர் தோன்றினார்.

"டியர்ஸ் இன் ஹெவன்" பாடலைப் பாடலாசிரியர் வில் ஜென்னிங்சுடன் இணைந்து "ரஷ்" (1991) என்ற திரைப்படத்துக்காக எழுதினார். மறுமையில் மகனைக் கண்டால் அவன் தன்னை அறிவானா என்ற தந்தையின் ஐயமே பாடலின் கரு. 1992 சனவரியில் இங்கிலாந்தின் பிரே படப்பிடிப்பு நிலையத்தில், மின்னொலிக் கருவிகள் இன்றிச் சிறிய பார்வையாளர் குழுவின் முன் வாசித்த நிகழ்ச்சி "அன்பிளக்ட்" என்ற இசைத்தொகுப்பாக வெளியானது. அதில் இப்பாடலும், மெதுவாக மாற்றியமைக்கப்பட்ட "லேலா"வும் இடம்பெற்றன. கிளாப்டனின் தொகுப்புகளுள் மிகுதியாக விற்பனையானது இதுவே. 1993 கிராமி விருது விழாவில் கிளாப்டன் ஆறு விருதுகளைப் பெற்றார்.

2004இல், அப்பாடல்களைப் பாடும்போது முன்பிருந்த இழப்புணர்வு தோன்றவில்லை எனக் கூறி "டியர்ஸ் இன் ஹெவன்", "மை ஃபாதர்ஸ் ஐஸ்" ஆகிய இரண்டையும் மேடையில் பாடுவதை நிறுத்தினார். பின்னாளில் "டியர்ஸ் இன் ஹெவன்" பாடலை மீண்டும் பாடத் தொடங்கினார்.

தந்தை பற்றிய தேடல்

1998இல் வெளியான "பில்கிரிம்" இசைத்தொகுப்பிலுள்ள "மை ஃபாதர்ஸ் ஐஸ்", தாம் ஒருபோதும் கண்டிராத தந்தையையும் இழந்த மகனையும் ஒருசேர நினைத்து எழுதப்பட்டது. மகனின் கண்களை நோக்கியபோதே தந்தையின் கண்களைக் காண்பதற்கு மிக அருகில் சென்றதாகக் கிளாப்டன் விளக்கியுள்ளார். அதே ஆண்டில் கனடிய இதழாளர் ஒருவர் எட்வர்ட் ஃபிரையரின் வாழ்க்கையைத் தேடிக் கண்டறிந்து வெளியிட்டார். பியானோ வாசிப்பவராகவும் பாடகராகவும் இருந்த ஃபிரையர் 1985இலேயே இறந்துவிட்டார். கிளாப்டனின் பாட்டி ரோஸ் 1994இலும் தாயார் பாட்ரீசியா 1999இலும் மறைந்தனர்.

கிராஸ்ரோட்ஸ் மையம்

1998இல் அன்டிகுவா தீவில் கிராஸ்ரோட்ஸ் என்னும் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. கட்டணம் செலுத்தி வரும் வெளிநாட்டவருடன், பணம் செலுத்த இயலாத கரிபியன் தீவு மக்களுக்கும் உதவித்தொகை மூலம் சிகிச்சை அளிப்பது இதன் நோக்கம். "நாற்சந்தி" எனப் பொருள்படும் இப்பெயர், ராபர்ட் ஜான்சனின் பாடலையும் கிரீம் குழு அதற்கு அளித்த புகழ்பெற்ற வடிவத்தையும் நினைவூட்டுவது.

மையத்துக்கு நிதி திரட்டக் கிளாப்டன் தம் கித்தார்களை ஏலத்தில் விற்றார்:

• 1999 சூன் 24, கிறிஸ்டீஸ் நிறுவனம், நியூயார்க்: 100 கித்தார்கள் ஏலம் விடப்பட்டு ஏறத்தாழ 50 இலட்சம் டாலர் திரட்டப்பட்டது. "லேலா" பதிவில் வாசிக்கப்பட்ட "பிரவுனி" என்ற கித்தார் 4,97,500 டாலருக்கு விற்கப்பட்டது.
• 2004, கிறிஸ்டீஸ் நிறுவனம், நியூயார்க்: 1970களில் அவர் மிகுதியாக வாசித்த "பிளாக்கி" என்ற கித்தார் 9,59,500 டாலருக்கு விற்கப்பட்டது.
• 2011, பான்ஹாம்ஸ் நிறுவனம், நியூயார்க்: கித்தார்களும் ஒலிபெருக்கிகளும் ஏலம் விடப்பட்டன.

2004இல் டாலசில் தொடங்கிய கிராஸ்ரோட்ஸ் கித்தார் விழாவும் இம்மையத்தின் நிதிக்காக நடத்தப்படுவதாகும். 2007, 2010, 2013, 2019, 2023 ஆகிய ஆண்டுகளிலும் இவ்விழா நடைபெற்றது.

பிற்கால வாழ்க்கை

2002 சனவரி 1 அன்று ரிப்ளி தேவாலயத்தில் மெலியா மெக்கனரியைக் கிளாப்டன் மணந்தார். இவர்களுக்கு மூன்று மகள்கள் உள்ளனர். 2002 நவம்பர் 29 அன்று ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் ஜார்ஜ் ஹாரிசனின் முதலாமாண்டு நினைவாக நடந்த "கான்சர்ட் ஃபார் ஜார்ஜ்" நிகழ்ச்சிக்குக் கிளாப்டனே இசைப் பொறுப்பாளராக இருந்தார். அதில் ரவி சங்கர் இயற்றி, அனோஷ்கா சங்கர் நெறிப்படுத்திய "அர்ப்பண்" என்ற ஆக்கத்தில் இந்திய இசைக்கலைஞர்களுடன் அவரும் கித்தார் வாசித்தார்.

நரம்புத் தளர்ச்சி நோயால் கித்தார் வாசிப்பது கடினமாகி வருவதாக 2016இல் தெரிவித்தார். கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் முடக்க விதிகளையும் தடுப்பூசி நடைமுறைகளையும் எதிர்த்து அவர் கூறிய கருத்துகள் பரவலான கண்டனத்துக்கு உள்ளாயின. "மீன்வைல்" என்ற இசைத்தொகுப்பை 2024இல் வெளியிட்டார்.

விருதுகளும் சிறப்புகளும்

• ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம்: 1992 (யார்ட்பேர்ட்ஸ்), 1993 (கிரீம்), 2000 (தனிக்கலைஞர்)
• கிராமி விருதுகள்: 1993இல் ஒரே விழாவில் 6 உட்படப் பல
• பிரித்தானியப் பேரரசின் சி.பி.ஈ. விருது: 2004

முக்கிய இசைத்தொகுப்புகள்

• புளூஸ் பிரேக்கர்ஸ் வித் எரிக் கிளாப்டன் (ஜான் மாயலுடன், 1966)
• டிஸ்ரேலி கியர்ஸ் (கிரீம், 1967)
• லேலா அண்ட் அதர் அசார்ட்டட் லவ் சாங்ஸ் (டெரெக் அண்ட் தி டொமினோஸ், 1970)
• 461 ஓஷன் புலவார்ட் (1974)
• சுலோஹேண்ட் (1977)
• அன்பிளக்ட் (1992)
• ஃபிரம் தி கிரேடில் (1994)
• பில்கிரிம் (1998)
• மீ அண்ட் மிஸ்டர் ஜான்சன் (2004)